உலோகத்துக்குள் ஓடும் கோடுகள்

பென்சில் பருமனுள்ள செம்புக் கம்பி ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் பள்ளிச் சிறுமிகூட அதைக் கையால் வளைத்துவிடுவாள். வளைத்ததை நிமிர்த்தச் சொன்னால் பெரியவர்களே திணறுவார்கள். இடையில் கம்பியோடு யாரும் எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவும் இல்லை. எடை மாறவில்லை. வேதியியல் ஆய்வகத்துக்கு அனுப்பினால் முன்பும் செம்பு, இப்போதும் செம்பு என்றுதான் அறிக்கை வரும். ஆனாலும் ஒருமுறை வளைந்ததிலேயே அது வேறொரு பொருள்போல நடந்துகொள்கிறது. மறுபடி சிவக்கக் காய்ச்சினால் பழைய மென்மை திரும்பிவிடும்.

பட்டறைக்காரர்களுக்கு இது புதிதல்ல. தங்கக் கம்பியைத் துளைத் தகட்டின் வழியே இழுத்து மெல்லியதாக்கும் பொற்கொல்லர், சில இழுப்புக்கு ஒருமுறை அதை நெருப்பில் காட்டி ஆறவிட்டுத்தான் அடுத்த துளைக்குப் போவார். பித்தளைப் பாத்திரம் அடிப்பவரும் அப்படித்தான். காய்ச்சாமல் தொடர்ந்தால் கம்பி அறுந்துவிடும், தகடு வெடித்துவிடும் என்பதை அவர்களுடைய கைகள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கின்றன. ஏன் அப்படி என்ற கேள்விக்கு மட்டும் 1934 வரை உலகில் எவரிடமும் சரியான விடை இல்லை. அணுவுக்குள் அணுக்கரு இருப்பதை 1911-இல் கண்டுகொண்டார்கள். சூரியனின் அருகே நட்சத்திர ஒளி வளைவதை 1919-இல் அளந்துவிட்டார்கள். குவாண்டம் இயக்கவியலின் அடிப்படைச் சமன்பாடுகள் 1926-க்குள் எழுதப்பட்டுவிட்டன. ஒரு செம்புக் கம்பி ஏன் வளைகிறது, வளைந்தபின் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பது இவற்றுக்கெல்லாம் பிறகுதான் புரிந்தது. அந்த விடைக்குரிய புகழ் இன்றுவரை அதற்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

வெளியே தெரியாவிட்டாலும் ஓர் உலோகத் துண்டு என்பது நுண்ணிய படிகங்கள் இடைவெளியின்றி ஒட்டிய திரள். ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் அணுக்கள் தளம் தளமாக, ஒழுங்கு பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கும். ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் லாவேயின் வழிகாட்டலில் 1912-இல் படிகத்தின் ஊடே எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி பிராக்கும் அவர் மகன் லாரன்ஸ் பிராக்கும் அந்த முறையைக் கொண்டு அணுக்கள் நிற்கும் இடங்களையே கணக்கிட்டுக் காட்டினார்கள். செம்பில் ஓர் அணுவின் மையத்திலிருந்து பக்கத்து அணுவின் மையம் 0.256 நானோமீட்டர் தொலைவு. அதற்கும் முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கேம்பிரிட்ஜில் யூயிங்கும் ரோசன்ஹைனும் பளபளவெனத் தேய்த்த உலோகத்தை இழுத்து நுண்ணோக்கியின் கீழ் பார்த்திருந்தார்கள். பரப்பில் இணையிணையாக மெல்லிய கோடுகள் தோன்றின. அவை படிக்கட்டுகள். படிகத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதியின் மீது சறுக்கியதால் விழுந்தவை. ஆக, உலோகம் வளைகிறது என்றால் உள்ளே அணுத்தளங்கள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குகின்றன என்று பொருள். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் 1926-இல் வந்தது. சோவியத் இயற்பியலர் யாகவ் ஃபிரெங்கல் மிக எளிய கணக்கு ஒன்றைப் போட்டார். மேல்தளத்து அணுக்கள் கீழ்த்தளத்துப் பள்ளங்களில் அமர்ந்திருக்கின்றன. மேல்தளம் முழுவதையும் ஒரே சமயத்தில் மேடேற்றி அடுத்த பள்ளத்தில் இறக்க எவ்வளவு விசை வேண்டும்? செம்பின் விறைப்புத் தன்மையை அளந்து வைத்திருந்தார்கள். அதை 6.28 ஆல் வகுத்தால் ஏறக்குறைய விடை வந்துவிடும். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 70 டன் எடை அழுத்தும் விசை. அணுக்களுக்கு இடையிலான ஈர்ப்பை இன்னும் நுணுக்கமாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டாலும் 15 டன்னுக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றது. உண்மையில் தூய செம்பின் ஒற்றைப் படிகத்தை எடுத்துச் சோதித்தால் சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோவுக்கும் குறைவான விசையிலேயே சறுக்கத் தொடங்கிவிடும்.

கணக்குக்கும் உண்மைக்கும் நூற்றுக்குப் பத்து வேறுபாடு இருந்தால் கணக்கைத் திருத்தலாம். ஆயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு என்றால் மனத்தில் வரைந்த படமே தவறு. ஃபிரெங்கலின் கணக்கில் பிழை இல்லை. படிகம் பிழையில்லாதது என்று அவர் வைத்துக்கொண்டதில்தான் பிழை.

1934-இல் மூன்று பேர் தனித்தனியே ஒரே விடையை வெளியிட்டார்கள். இருவர் ஹங்கேரியர்கள்: பெர்லினில் பணியாற்றிய எகோன் ஒரோவான், நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினை விட்டு மான்செஸ்டருக்குப் போய்விட்ட மைக்கேல் பொலானி. இவர்களின் கட்டுரைகள் ஒரே ஜெர்மானிய ஆய்விதழின் ஒரே தொகுதியில் வந்தன. மூன்றாமவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜெஃப்ரி இங்கிராம் டெய்லர். காற்றிலும் நீரிலும் ஏற்படும் கொந்தளிப்பை ஆராய்ந்து பெயர் பெற்றவர், படகோட்டி, புது வகை நங்கூரம் ஒன்றையே வடிவமைத்தவர். உலோகத்தின் பக்கம் அவரைத் திருப்பியதில் கான்ஸ்டன்ஸ் ஈலம் என்ற உலோகவியலருக்குப் பெரும் பங்குண்டு. பெரிய அலுமினியப் படிகங்களை வளர்த்து, இழுத்து, எந்தத் தளம் எந்தத் திசையில் சறுக்குகிறது என்று அளந்த இருவரின் ஆய்வு 1923-இல் ராயல் சொசைட்டியின் பேக்கரியன் சொற்பொழிவாக வந்தது. ஈலம் இந்தக் கதையில் மீண்டும் வருவார், வேறு பெயரில்.

மூவரும் சொன்னது இதுதான். நெட்டுக்குத்தாக நிற்கும் அணுத்தளங்களில் ஒன்று மட்டும் படிகத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்பாதியில் நூறு தளங்கள், கீழ்ப்பாதியில் தொண்ணூற்றொன்பது. அந்த அரைத்தளத்தின் விளிம்பு படிகத்தின் ஊடே ஒரு கோடாக ஓடும். கோட்டை ஒட்டிய அணுக்கள் மட்டும் மேலே நெருக்கியடித்தும் கீழே விலகியும் நிற்கும். சற்றுத் தள்ளிப் போனால் எல்லாம் ஒழுங்கு. இந்தக் கோட்டைத்தான் டிஸ்லொகேஷன் என்கிறார்கள். தமிழில் இடப்பிறழ்வு என்போம்.

இப்போது படிகத்தைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால் போதும். கோட்டுக்கு அடுத்துள்ள தளத்தின் கீழ்ப்பாதி தன் பிணைப்பை அறுத்துக்கொண்டு அரைத்தளத்தோடு சேர்ந்துவிடும். அதன் மேல்பாதி இப்போது புதிய அரைத்தளம். கோடு ஓர் அணு தூரம் நகர்ந்துவிட்டது. அறுந்தது ஒரே ஒரு வரிசைப் பிணைப்பு. இப்படியே வரிசை வரிசையாக நகர்ந்து கோடு மறுபக்கத்துப் பரப்பை எட்டும்போது படிகத்தின் மேல்பாதி முழுவதும் கீழ்ப்பாதியின் மீது ஓர் அணு அளவு சறுக்கியிருக்கும். கல்யாண மண்டபத்தில் விரித்த பவானி ஜமுக்காளத்தை ஒரு சாண் தள்ளிப்போட வேண்டுமென்றால், முனையைப் பிடித்து மொத்தமாக இழுப்பதைவிட, ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி அதைக் காலால் மறுகோடிவரை தள்ளிக்கொண்டு போவது எளிது. மடிப்பு நகர நகர ஜமுக்காளமும் நகர்ந்துவிடும். ஃபிரெங்கல் ஜமுக்காளத்தை மொத்தமாக இழுத்தார். இயற்கை மடிப்பைத் தள்ளுகிறது.

ஒழுங்கு குலைந்த ஒற்றை வரிசை அணுக்களால் ஒரு பொருளின் வலிமை ஆயிரம் மடங்கு குறைகிறது. தலைகீழாகச் சொன்னால், அந்தக் குலைவு இல்லாவிட்டால் செம்பைத் தகடாக அடிக்க முடியாது, கம்பியாக இழுக்க முடியாது. அடித்தால் உடையும், அவ்வளவுதான். நம் பாடநூல்களில் படிகம் என்றதும் ஒரு பிசகும் இல்லாத கனசதுரப் படத்தைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். அந்தப் படத்தில் ஒரே ஒரு அரைத்தளத்தைச் சேர்த்து வரைந்தால் மாணவருக்கு உலோகவியலின் பாதி புரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

வளைத்த கம்பி ஏன் இறுகுகிறது என்பதற்கு டெய்லர் 1934 கட்டுரையிலேயே விடை வைத்திருந்தார். ஒவ்வோர் இடப்பிறழ்வும் தன்னைச் சுற்றிப் படிகத்தை நெரித்துக்கொண்டிருப்பதால் இரண்டு கோடுகள் நெருங்கும்போது ஒன்றையொன்று தள்ளும், அல்லது பிடித்துக்கொள்ளும். கோடுகள் பெருகப் பெருகச் சிக்கல் விழும். காய்ச்சி ஆறவைத்த செம்பில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் இடப்பிறழ்வுக் கோடுகளை எல்லாம் பிரித்து நீட்டினால் பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு வரும். அதே செம்பைச் சம்மட்டியால் நன்றாக அடித்தபின் நீட்டினால் பத்து இலட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். நிலவுக்குப் போய்த் திரும்பி, மீண்டும் பாதி வழிக்கு மேல் போகும் நீளம். ஒரு சுண்டு விரல் நுனிக்குள் அடங்கும் உலோகத்தில். கோட்டின் நீளம் நூறு மடங்கானால் வலிமை பத்து மடங்காகும் என்பது டெய்லர் கண்ட விகிதம். இன்றும் பொறியாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

காய்ச்சும்போது நடப்பது இதன் மறுபக்கம். வெப்பத்தில் அணுக்கள் இடம் மாற முடிவதால், சிக்கிக் கிடக்கும் படிகங்களுக்கு நடுவே சிக்கல் இல்லாத புதிய படிகங்கள் முளைத்து, பழையவற்றைத் தின்று வளர்கின்றன. உருகாமலே உலோகம் உள்ளுக்குள் புதிதாகப் பிறக்கிறது. செம்புக்கு இதற்குச் சில நூறு டிகிரி வெப்பம் வேண்டும். ஈயத்துக்கு அறை வெப்பமே போதும். ஈயக் கம்பியை எத்தனை முறை வளைத்தாலும் இறுகாமல் குழைந்தே இருப்பது அதனால்தான்.

ஒரு கேள்வி மட்டும் 1950 வரை நெருடிக்கொண்டே இருந்தது. கோடு நகர்ந்து பரப்பை எட்டினால் அது முடிந்துபோகிறது. அப்படியானால் அடிக்க அடிக்க இடப்பிறழ்வுகள் குறைய வேண்டுமே, எப்படிப் பெருகுகின்றன? பிரிஸ்டலின் சார்லஸ் ஃபிராங்க், அமெரிக்க பெல் ஆய்வகத்தின் தார்ன்டன் ரீட் ஆகிய இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே விடையை எட்டியிருந்தார்கள். பிட்ஸ்பர்கில் சந்தித்துப் பேசியபோது அது தெரியவந்து, சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு முனைகளிலும் கட்டுண்ட ஒரு கோட்டைத் தள்ளினால் அது வில்லாக வளையும். மேலும் தள்ளினால் முனைகளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்த் தன்னைத் தானே தொட்டு, ஒரு முழு வளையமாகக் கழன்று வெளியே விரியும். நடுவே பழைய கோடு மறுபடி அப்படியே நிற்கும், அடுத்த வளையத்தை விட. ஒரே ஊற்றுக்கண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான வளையங்கள் பிறக்கும்.

இவ்வளவும் கண்ணால் காணாமல் சொன்னவை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இடப்பிறழ்வு என்பது தாளில் வரைந்த கோடுதான். கணிதக் கற்பனை என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். 1956-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பீட்டர் ஹிர்ஷ், மைக்கேல் வீலன், ராபர்ட் ஹார்ன் ஆகியோர் மிக மெல்லிய அலுமினியத் தாளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஹிர்ஷ், நாஜி ஜெர்மனியிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றி அனுப்பிய ரயில்களில் ஒன்றில் இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். திரையில் கரிய மெல்லிய கோடுகள் தெரிந்தன. எலக்ட்ரான் கற்றையின் வெப்பத்தில் அவை அசைந்தன, தளத்தோடு தளமாக வழுக்கிக்கொண்டு ஓடின. அதே ஆண்டில் ஜெனீவாவில் வால்டர் பால்மன் துருப்பிடிக்காத எஃகில் இதே கோடுகளைத் தனியாகக் கண்டார். டெய்லருக்கு அப்போது எழுபது வயது. தான் தாளில் வரைந்தது ஓடுவதைக் காணும் ஆண்டுவரை அவர் இருந்தார் என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமலும் இடப்பிறழ்வைப் பார்க்க ஒரு வழி உண்டு. லாரன்ஸ் பிராக்கும் ஜான் நையும் 1947-இல் வெளியிட்டது. சோப்பு நீர் நிறைந்த அகன்ற தட்டில் நுண்ணிய குழாய் முனை வழியே சீராகக் காற்றை ஊதினால் ஒரே அளவுள்ள சிறு குமிழிகள் ஆயிரக்கணக்கில் மிதந்து, ஒன்றோடொன்று ஒட்டி, அணுத்தளம் போலவே அறுகோண வரிசையில் அடுக்கிக்கொள்ளும். இரு பக்கமும் பிடித்து மெல்ல நெரித்தால் வரிசையில் ஒரு பிசகு தோன்றிச் சரேலென மறுகோடிக்கு ஓடும். இயற்பியலர் ஃபைன்மன் தம் புகழ்பெற்ற விரிவுரை நூலில் இந்தக் கட்டுரையை அப்படியே சேர்த்துக்கொண்டார். மீன் தொட்டிக்கு வைக்கும் காற்றுக் குழாயும் ஒரு மெல்லிய ஊசியும் சோப்பு நீரும் இருந்தால் எந்த அரசுப் பள்ளியிலும் செய்து காட்டலாம். செய்து காட்ட வேண்டும்.

உலோகத்தை வலுவாக்குவது என்றால் கோடுகளின் ஓட்டத்துக்குத் தடை போடுவது என்று தெரிந்தபின் பழைய பட்டறை நுட்பங்கள் ஒவ்வொன்றுக்கும் பொருள் விளங்கிற்று. சொக்கத் தங்கத்தில் நகை செய்தால் நெளிந்துவிடும் என்று செம்போ வெள்ளியோ கலக்கிறார்கள். 916 முத்திரையுள்ள நகையில் ஆயிரத்துக்கு 84 பங்கு இந்தக் கலப்புதான். வெள்ளி அணு ஏறத்தாழத் தங்க அணுவின் அளவே. செம்பு அணு பத்தில் ஒரு பங்குக்கு மேல் சிறியது. தங்கத்தின் வரிசைக்குள் செம்பு அணு அமர்ந்த இடமெல்லாம் சுற்றுப்புறம் சற்றுக் குழிந்துவிடும். ஓடிவரும் கோடு அங்கே தடுக்கும். வெள்ளியைவிடச் செம்பு தங்கத்தை நன்றாக இறுக்குவது இதனால்.

இதைவிட நுட்பமான தடை ஒன்றை பெர்லினில் ஆல்ஃபிரட் வில்ம் 1906-இல் தற்செயலாகக் கண்டார். பித்தளைத் தோட்டா உறைக்கு மாற்றாக அலுமினியக் கலவை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அலுமினியத்தோடு சிறிது செம்பும் மக்னீசியமும் சேர்த்து, சூடாக்கி, தண்ணீரில் தோய்த்து உடனே சோதித்தபோது கலவை மென்மையாகவே இருந்தது. வார இறுதி கழிந்து மறுபடி அளந்தால் அதே துண்டு மிகவும் இறுகியிருந்தது. யாரும் தொடவில்லை. மேசைமேல் சும்மா கிடந்தே வலுவேறியிருக்கிறது. டுராலுமின் என்ற பெயரில் அது செப்பலின் வான்கப்பல்களின் எலும்புக்கூடானது. ஏன் வலுவேறியது என்பது வில்முக்குத் தெரியாது. 1938-இல் பிரான்சில் ஆந்த்ரே கினியேயும் இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரெஸ்டனும் எக்ஸ் கதிர்ப் படங்களில் அதன் காரணத்தைக் கண்டார்கள். சூட்டில் அலுமினியத்துக்குள் கரைந்திருந்த செம்பு அணுக்கள், குளிர்ந்தபின் இடம் போதாமல் மெல்ல மெல்லத் தேடிச் சேர்ந்து, ஓரிரு அணு தடிமனே உள்ள நுண்ணிய வட்டத் தட்டுகளாக ஒட்டிக்கொள்கின்றன. உலோகமெங்கும் இலட்சோபலட்சம் தட்டுகள். கோடு எந்தப் பக்கம் போனாலும் ஒன்றில் மோதும்.

வில்முக்கும் முன்னால் இந்தத் தட்டுகள் வானில் பறந்துவிட்டன என்பது 1994-இல் தெரியவந்தது. ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தில் எஞ்சினின் உடற்கூட்டை எடை குறைப்பதற்காக அலுமினியத்தில் வார்த்திருந்தார்கள். அந்த வார்ப்பை ஃபிராங்க் கெய்ல், மார்த்தா குட்வே என்ற இரு ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு எட்டுப் பங்கு செம்பு கலந்திருந்தது. உள்ளே அதே நுண்தட்டுகள். அச்சில் வார்த்து ஆறிய வேகமும் எஞ்சின் ஓடிய சூடும் சேர்ந்து, எவரும் அறியாமலே அந்தக் கலவையைப் பதப்படுத்தியிருக்கின்றன.

அலுமினியமும் செம்பும் சேர்ந்த இந்தக் குடும்பத்துக்கு இன்னும் ஓய்வில்லை. இஸ்ரோவின் எல்விஎம்3 ஏவுகலத்தின் கிரையோஜெனிக் அடுக்கு திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்டது. அதன் எரிபொருள் கலன்கள் 2219 என்ற எண்ணுடைய அலுமினியக் கலவையால் ஆனவை. அதிலும் முதன்மைச் சேர்க்கை செம்புதான், நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல். உள்ளே நிரப்புவது சுழியத்துக்குக் கீழே 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜன். சாதாரண எஃகுக் கலனில் அதை ஊற்றினால் எஃகு கண்ணாடியைப்போல் நொறுங்கக்கூடியதாகிவிடும். அலுமினியத்துக்கும் எஃகுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஒரு பெரும் கப்பல் தொகுதி உலகுக்குக் கற்றுக்கொடுத்தது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா லிபர்ட்டி என்ற வகைச் சரக்குக் கப்பல்களை ஏறத்தாழ 2,700 கட்டியது. வேகம் வேண்டி, பழையபடி தகடுகளை ஆணியடித்து இணைக்காமல் பற்றவைத்தே இணைத்தார்கள். குளிர்ந்த வட அட்லாண்டிக்கில் அவற்றில் பலவற்றின் தளங்கள் வெடித்தன, சில இரண்டாகப் பிளந்தன. 1943 ஜனவரியில் ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் போர்ட்லண்ட் துறையில் கட்டிய இடத்தருகே, அலையே இல்லாத நீரில் நின்றபடி, பெரும் சத்தத்தோடு நடுவே முறிந்தது. பற்றவைப்பில்தான் குறை என்று எல்லோரும் சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் இதை ஆராய்ந்தவர் கான்ஸ்டன்ஸ் டிப்பர், அதாவது திருமணத்துக்குப் பின் பெயர் மாறிய அதே ஈலம். குற்றம் எஃகினுடையது என்று அவர் நிறுவினார். குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்குக் கீழே போனால் அந்த எஃகு குழையும் குணத்தை இழந்து நொறுங்கும் பொருளாகிவிடுகிறது. பற்றவைத்த உடல் ஒரே துண்டாக இருந்ததால், தொடங்கிய வெடிப்பு தகட்டின் ஓரத்தில் நிற்காமல் கப்பலைச் சுற்றி ஓடிவிட்டது.

எஃகின் வெடிப்பு முனையில் எப்போதும் ஒரு பந்தயம் நடக்கிறது. அங்கே குவியும் விசை இடப்பிறழ்வுகளை ஓடவிட்டால் உலோகம் குழைந்து, முனை மழுங்கி, வெடிப்பு நின்றுவிடும். அவை ஓட முடியாவிட்டால் அணுக்கள் நேரடியாகப் பிரிந்து, வெடிப்பு ஓடும். செம்பிலும் அலுமினியத்திலும் அணுக்கள் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால், எந்தக் குளிரிலும் கோடுகள் வழுக்கி ஓடும். இரும்பின் அடுக்கு வேறு மாதிரி. அதில் கோடு நகர ஓரளவு வெப்ப அசைவின் துணை வேண்டும். குளிரில் அந்தத் துணை போய்விடுவதால் கோடுகள் உறைந்து நின்றுவிடுகின்றன. போதாக்குறைக்கு, எஃகில் உள்ள கார்பன் அணுக்கள் கோட்டை ஒட்டிய தளர்ந்த இடங்களில் வந்து குடியேறி அதை நங்கூரமிட்டுப் பிடிக்கும். அதை ஆலன் காட்ரெல் 1940-களின் பிற்பகுதியில் விளக்கினார். லிபர்ட்டிக் கப்பல்களின் அனுபவத்துக்குப் பின் கப்பல் எஃகைக் குளிரவைத்து உடைத்துப் பார்க்காமல் ஏற்பதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஃபிரெங்கலின் கணக்கு சரியா என்று சோதிக்கப் பிழையற்ற படிகம் ஒன்று வேண்டும். அது கிடைத்த விதம் விசித்திரமானது. தகரப் பூச்சிட்ட தொலைபேசிக் கருவிகளில் காரணம் தெரியாமல் மின்கசிவு ஏற்பட்டதைப் பெல் ஆய்வகத்தார் ஆராய்ந்தபோது, பூச்சின் மீது தலைமுடியைவிட மெல்லிய தகர இழைகள் தானாக முளைத்திருப்பதைக் கண்டார்கள். 1952-இல் கானியர்ஸ் ஹெரிங்கும் ஜான் கால்ட்டும் அந்த இழைகளை வளைத்துப் பார்த்தார்கள். சாதாரணத் தகரம் நெளிந்து கிடந்திருக்கும் அளவுக்கு வளைத்தும், விட்டதும் அவை நிமிர்ந்துகொண்டன. இழைகளில் ஓடக்கூடிய இடப்பிறழ்வு இல்லை. அவற்றின் வலிமை ஃபிரெங்கல் சொன்ன எல்லையை நெருங்கியது. கண்டுபிடிப்பு இனியது, இழைகள் அல்ல. 1998-இல் கேலக்ஸி 4 என்ற செயற்கைக்கோள் செயலிழந்து அமெரிக்காவின் பேஜர் சேவை முடங்கியதற்கு இத்தகைய தகர இழைகளே காரணமெனக் கண்டார்கள். தகரத்தில் சிறிது ஈயம் கலந்தால் இழை முளைப்பது பெரிதும் அடங்கும். ஆனால் ஈயம் நஞ்சு என்று 2006 முதல் ஐரோப்பா மின்னணுக் கருவிகளில் அதைக் கட்டுப்படுத்திவிட்டது. சரியான முடிவுதான். அதன் விலையாகத் தகர இழைகளோடு பொறியாளர்கள் மறுபடி போராடுகிறார்கள்.

பாலம் கட்டுபவருக்கு இடப்பிறழ்வு நண்பன். கணினிச் சில்லு செய்பவருக்கு எதிரி, ஏனெனில் சிலிக்கானில் ஓடும் மின்துகள்கள் அந்தக் கோடுகளில் சிக்கி வீணாகும். உருகிய சிலிக்கானில் ஒரு சிறு படிகத்தை விதையாகத் தோய்த்து, சுழற்றி, மெல்ல மேலே தூக்கி ஒற்றைப் படிகமாக வளர்ப்பார்கள். ஆனால் உருகலைத் தொட்ட அதிர்ச்சியிலேயே விதைக்குள் கோடுகள் பிறந்துவிடும். 1950-களின் இறுதியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வில்லியம் டாஷ் அதற்கு ஒரு வழி கண்டார். விதைக்குக் கீழே முதலில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள கழுத்தை மட்டும் வேகமாக வளர்க்க வேண்டும். கோடுகள் சறுக்கும் தளங்கள் இழுக்கும் திசைக்குச் சாய்வாக இருப்பதால் ஒவ்வொரு கோடும் கழுத்தின் பக்கவாட்டுப் பரப்பில் போய் முடிந்துவிடும். எல்லாம் வெளியேறியபின் படிகத்தை அகல வளர்க்கலாம். இன்று நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள சிலிக்கான் உருளைகள் அந்த மெல்லிய கழுத்தில் தொங்கியபடியே வளர்கின்றன, உள்ளே ஒரு இடப்பிறழ்வுகூட இல்லாமல். மனிதர் செய்யும் பொருள்களில் இதைவிடத் தூய்மையும் ஒழுங்கும் உள்ளது அரிது.

இந்த வெற்றியின் காரணமாக, ஒளி தரும் அரைக்கடத்திகளுக்கும் இதே விதிதான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். நீல ஒளிக்குரிய காலியம் நைட்ரைடைப் பெரும்பாலும் நீலக்கல் படிகத்தின் மீதே வளர்த்தார்கள். இரண்டின் அணு இடைவெளிகளும் பொருந்தாததால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோடுகள் விழுந்தன. வேறு எந்த ஒளியுமிழ் டயோடும் இதில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது என்று பலர் அதைக் கைவிட்டார்கள். ஜப்பானில் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும், தனியே ஷுஜி நகமுராவும் விடாமல் தொடர்ந்தார்கள். 1993-இல் நகமுராவின் நீல டயோடு பளிச்சென்று எரிந்தது, அத்தனை கோடுகளோடும். இன்று நம் வீட்டு எல்இடி விளக்குகள் எல்லாம் அதன் வழி வந்தவை. மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒளி தரும் அடுக்கில் காலியத்தோடு இண்டியம் கலந்திருக்கிறது. இண்டியம் அணுக்கள் சீராகப் பரவாமல் இருப்பதால் மின்துகள்கள் கோடுகளை எட்டுவதற்கு முன்பே அங்கங்கே அடைபட்டு ஒளியை உமிழ்ந்துவிடுகின்றன என்ற விளக்கத்தைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை.

தண்ணீரில் உள்ள கிருமிகளைக் கொல்லும் புற ஊதா டயோடுகளில் இண்டியத்துக்குப் பதில் அலுமினியம் கலக்க வேண்டியிருக்கிறது. அங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை. கோடுகள் மீண்டும் ஒளியைத் தின்கின்றன, செலுத்தும் மின்சாரத்தில் சிறு பங்குதான் ஒளியாக வெளிவருகிறது. நீலக்கல்லை விட்டுவிட்டு அலுமினியம் நைட்ரைடின் ஒற்றைப் படிகத்தையே அடித்தளமாக வளர்த்து, அதன் மேல் டயோடைக் கட்ட இப்போது முயன்றுகொண்டிருக்கிறார்கள். அந்தப் படிகம் வளர இரண்டாயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும்.